காதில் விழும் பாதிப் பேச்சு

தஞ்சோங் மாலிம் பக்கமிருந்து கிள்ளான் துறைமுகம் நோக்கி வரும் கொமுட்டர் ரயில் சுங்கை பூலோவை விட்டுக் கிளம்புகிறது. கதவோரம் நிற்கும் பெண்மணி கைப்பேசியில் பேசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். “அக்கா, நான் அன்னைக்கே சொன்னேன்ல… இல்லக்கா… எவ்ளோ?… ஐயோ! அவருக்குத் தெரியுமா?… சரி சரி, நீங்க அழாதீங்க.”

எவ்வளவு? யாருக்குத் தெரிய வேண்டும்? அக்கா ஏன் அழுகிறார்? இந்த வரிகளைப் படித்து முடிப்பதற்குள் உங்கள் மனத்தில் ஒரு கதை எழுந்திருக்கும். கடனோ, அடகு வைத்த நகையோ, மருத்துவமனைச் செலவோ, ஏதோ ஒன்றை ஊகித்திருப்பீர்கள். முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் விவகாரம் நமக்கு எதற்கு? தேவையே இல்லை. ஆனாலும் மூளை நம்மைக் கேட்காமலே அதில் இறங்கிவிட்டது.

அதே பெட்டியில், எதிர் இருக்கையில், இரண்டு நண்பர்கள் அதே அளவு சத்தத்தில் பேசிக்கொண்டு வரட்டும். கெப்போங் தாண்டுவதற்குள் நம்மால் கண்ணயர்ந்துவிட முடிகிறது. இரண்டு பேர் பேசும்போது காதில் விழும் சொற்கள் ஏறக்குறைய இரு மடங்கு. ஆனால் தொல்லை குறைவு. ஒருவர் மட்டும் பேசும்போது சொற்கள் பாதி, தொல்லை அதிகம். இந்த முரண்பாட்டை அவிழ்த்துப் பார்த்தால் பொது இடங்களில் நடக்கும் கைப்பேசிப் பேச்சு பற்றிய நம் கோபம் வேறு திசைக்குத் திரும்பும் என்று நான் நம்புகிறேன்.

இதை நேரடியாகச் சோதித்தவர்கள் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ மங்க்கும் அவருடைய சகாக்களும். அவர்களின் ஆய்வு 2004இல் வெளியானது. நடிகர்களை ஏற்பாடு செய்து, ரயிலிலும் பேருந்து நிலையத்திலும் பொதுமக்களுக்குப் பக்கத்தில் ஒரே உரையாடலைத் திரும்பத் திரும்ப நடத்த வைத்தார்கள். சில முறை இருவர் நேருக்கு நேர் பேசினார்கள். சில முறை ஒருவர் மட்டும் கைப்பேசியில் பேசினார். சில முறை இயல்பான குரல். சில முறை உரத்த குரல். பேச்சு முடிந்ததும் பக்கத்தில் இருந்தவர்களிடம் போய், அது எவ்வளவு தொந்தரவாக இருந்தது என்று கேட்டார்கள். உரக்கப் பேசினால் எரிச்சல் கூடியது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் குரலின் அளவு ஒன்றாகவே இருந்தபோதும் கைப்பேசிப் பேச்சுதான் அதிகம் கவனத்தை இழுத்தது, அதிகம் உறுத்தியது.

மங்க் அதோடு நிற்கவில்லை. அடுத்த சோதனையில் இருவரும் நேரில்தான் பேசினார்கள். ஆனால் ஒருவர் தன் குரலை அக்கம்பக்கத்துக்குக் கேட்காதபடி தாழ்த்திக்கொண்டார். கைப்பேசியே இல்லாத அந்த உரையாடலும் கைப்பேசிப் பேச்சு அளவுக்கே பயணிகளை உறுத்தியது. எனவே கருவியின் மேல் பழி போட வழியில்லை. பேச்சில் ஒரு பாதி காணாமல் போவதுதான் மூலகாரணம்.

காணாமல் போகும் அந்தப் பாதி நம்மை என்ன செய்கிறது என்பதைக் காட்டியவர் லாரன் எம்பர்சன். கனடாவின் வான்கூவரில் மாணவியாக இருந்தபோது பேருந்தில் நெடுநேரம் பயணம் செய்தவர் அவர். பக்கத்தில் யாராவது கைப்பேசியில் பேசினால் தன்னால் எதிலும் மனம் செலுத்த முடியவில்லை என்பதைக் கவனித்திருக்கிறார். பிறகு அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அதையே ஆய்வாக எடுத்துக்கொண்டார். 2010இல் வெளியான அந்த ஆய்வில், பங்கேற்றவர்களுக்குக் கவனத்தைச் சிதறவிட முடியாத வேலைகள் கொடுக்கப்பட்டன. திரையில் நகரும் புள்ளியைச் சுட்டியால் விடாமல் பின்தொடர வேண்டும். குறிப்பிட்ட எழுத்து தோன்றினால் மட்டும் உடனே பொத்தானை அழுத்த வேண்டும். வேலை நடக்கும்போது ஒலிபெருக்கியில் சில நேரம் இருவர் உரையாடல் முழுதாக ஒலித்தது, சில நேரம் ஒருவர் தனியாகப் பேசிக்கொண்டே போனார், சில நேரம் கைப்பேசியில் பேசுபவரின் பாதிப் பேச்சு மட்டும் கேட்டது. முழு உரையாடலும் தனிப்பேச்சும் வேலையைக் கெடுக்கவில்லை. பாதிப் பேச்சு ஒலித்தபோது பிழைகள் கூடின.

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அடுத்து வருவது. பாதிப் பேச்சு விட்டுவிட்டு வருவதால், அமைதி, திடீர்ச் சத்தம், மீண்டும் அமைதி என்ற அந்த ஒலி மாற்றமே காதைத் திடுக்கிட வைக்கிறது என்று ஒருவர் வாதிடலாம். அதையும் எம்பர்சன் குழுவினர் சரிபார்த்தார்கள். அதே பாதிப் பேச்சை வடிகட்டி, ஏற்ற இறக்கமும் இடைவெளியும் அப்படியே இருக்க, சொற்கள் மட்டும் புரியாதபடி மங்கச் செய்து ஒலிக்கவிட்டார்கள். பிழைகள் கூடவில்லை. ஆக, சத்தம் வந்து போவதால் மட்டும் இந்தத் தொல்லை பிறக்கவில்லை. சொல் புரிகிறது, அடுத்த சொல் என்னவென்று தெரியவில்லை என்ற நிலைதான் கவனத்தைப் பறிக்கிறது.

அடுத்த சொல்லை ஊகிப்பது நம் மூளை எப்போதாவது செய்யும் வேலை என்று நினைத்துவிடக் கூடாது. பேச்சைக் கேட்பது என்பதே பெரும்பாலும் ஊகிப்பதுதான். உலகின் பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஒருவர் கேள்வியை முடிப்பதற்கும் மற்றவர் பதிலைத் தொடங்குவதற்கும் நடுவே உள்ள இடைவெளி சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் ஒரே ஒரு சொல்லை யோசித்து எடுத்து வாய்க்குக் கொண்டுவரவே அதைப் போல மூன்று மடங்கு நேரம் தேவைப்படுகிறது. கணக்கு இடிக்கிறது அல்லவா? எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் வாக்கியம் எங்கே போய் முடியும் என்பதை முன்கூட்டி அறிந்து, நாம் பதிலைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறோம். உரையாடலில் பங்கில்லாமல் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பவரின் மூளையும் இதே கணிப்பை ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறது. இருவர் பேச்சும் கேட்டால் கணிப்பு பலிக்கிறது, மூளை அமைதியாகிறது. ஒரு பக்கம் மறைந்துவிட்டால் ஒவ்வொரு முறையும் கணிப்பு தவறுகிறது. தவறும் இடத்தில் கவனம் போய் நிற்கிறது.

இதில் ஒரு நுணுக்கமும் உண்டு. 2013இல் சான் டியேகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எழுத்துகளை மாற்றிப்போட்டுச் சொற்களைக் கண்டுபிடிக்கும் புதிரை மாணவர்களிடம் கொடுத்து, பக்கத்தில் ஒருவரைப் பேச வைத்தார்கள். அதுவும் சோதனையின் ஒரு பகுதி என்று மாணவர்களுக்குத் தெரியாது. கைப்பேசிப் பேச்சைக் கேட்டவர்கள் அதிகம் தொந்தரவடைந்ததாகச் சொன்னார்கள். பேசப்பட்ட விஷயத்தையும் அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் புதிரை விடுவிப்பதில் அவர்கள் பின்தங்கவில்லை. நொடிக்கு நொடி கண் வைத்திருக்க வேண்டிய வேலையைப் பாதிப் பேச்சு கெடுக்கிறது. விட்டுப் பிடிக்க முடிகிற வேலையை அந்த அளவுக்குக் கெடுப்பதில்லை என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

இப்போது கிள்ளான் பள்ளத்தாக்குக்கே உரிய ஒரு விஷயத்துக்கு வருவோம். சுங்கை பூலோவில் ஏறினால் கேஎல் சென்ட்ரல் வழியாகக் கிள்ளான் வரை போகும் இந்தத் தடத்தில் ஒரே பெட்டிக்குள் மலாயும் தமிழும் மாண்டரினும் கான்டனீஸும் ஹொக்கியனும் வங்காளமும் நேப்பாளியும் பேசப்படும். எம்பர்சன் வடிகட்டிக் காட்டிய புரியாத பேச்சு, இங்கே வடிகட்டாமலே கிடைக்கிறது. அந்த முடிவை நம் பெட்டிக்குப் பொருத்தினால், ஹொக்கியன் தெரியாத ஒருவருக்குப் பக்கத்தில் நடக்கும் ஹொக்கியன் பேச்சு ரயிலின் கடகட ஓசையோடு கலந்துவிட வேண்டும். இரண்டு இருக்கை தள்ளி, அதைவிடத் தாழ்ந்த குரலில் ஒரு தமிழ்ப் பேச்சு தொடங்கினால் தமிழரின் காது அங்கே போக வேண்டும். என் அனுபவமும் அப்படித்தான். நம் மொழி பேசுபவர்கள்தான் நமக்கு அதிகம் தொந்தரவு தருவதுபோல் தோன்றும். அதற்கு அவர்களின் பழக்கம் காரணமில்லை, நம் புரிதல்தான் காரணம். “நம்ம ஆளுங்கதான் இப்படிக் கத்துவாங்க” என்று பிரிக்ஃபீல்ட்ஸில் இறங்கும்போது யாராவது முணுமுணுத்தால் நான் இதைத்தான் சொல்ல விரும்புவேன். சீன நண்பரைக் கேளுங்கள், அவர் தம் மக்களைப் பற்றி இதையே சொல்லக்கூடும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சுற்றிலும் வேற்று மொழிக்காரர்கள் இருந்தால் தமிழில் பேசுவதை ரகசியமாக நினைத்துக்கொள்கிறோம். மலேசியத் தமிழ்ப் பேச்சில் ஐசி, லோன், சம்மன், இன்சூரன்ஸ், மலாய் இடப்பெயர்கள், எண்கள் என்று எல்லாம் கலந்திருக்கும். தமிழ் தெரியாதவரின் காதிலும் இந்தச் சொற்கள் தனித்தனியாகப் போய் விழும். அடையாள அட்டை எண்ணையும் வங்கி விவரத்தையும் பெட்டியில் நின்று உரக்க ஒப்பிப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சலைவிடப் பயம்தான் வருகிறது.

சரி, பேசுபவர் ஏன் அவ்வளவு உரக்கப் பேசுகிறார்? நாகரிகம் தெரியாதவர் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது எளிது. ஆனால் அவர் காதுக்குள் நடப்பதைப் பார்த்தால் அந்தத் தீர்ப்பு நிற்காது.

வீட்டில் கம்பி போட்ட பழைய தொலைபேசி இருந்த காலத்தில், வாய்ப்பகுதியில் நாம் பேசும் குரலின் சிறு பங்கைக் கருவி நம் காதுப்பகுதிக்கே திருப்பி அனுப்பியது. பொறியாளர்கள் இதை சைட்டோன் என்பார்கள். காதில் நம் குரல் கேட்பதால், எவ்வளவு உரக்கப் பேசுகிறோம் என்பது நமக்கே தெரியும். திருப்பி அனுப்பும் குரலைக் கூட்டினால் மனிதர்கள் தாமாகவே குரலைத் தாழ்த்துவார்கள், குறைத்தால் உயர்த்துவார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தொலைபேசித் துறையினர் இதைக் கண்டுகொண்டார்கள். பல கைப்பேசிகளில் இந்தத் திரும்பு குரல் மிக மெல்லியது. ஓடும் ரயிலின் இரைச்சலில் அது காதுக்கு எட்டாது. போதாததற்குக் கைப்பேசி ஒரு காதை மூடிக்கொள்கிறது, அல்லது இரண்டு காதிலும் செருகிகள் இருக்கின்றன. தன் குரலைத் தானே கேட்க முடியாதவர் அதை எப்படி அளந்து பேசுவார்?

இதன்மேல் இன்னொன்று சேருகிறது. பாரிஸின் லாரிபுவாசியேர் மருத்துவமனையோடு தொடர்புடைய காது மூக்கு தொண்டை மருத்துவர் எத்தியேன் லொம்பார் 1909இல் ஒன்றைக் கவனித்தார். நோயாளி பேசிக்கொண்டிருக்கும்போது அவர் காதில் இரைச்சலைப் புகுத்தினால் குரல் உடனே உயர்கிறது, நிறுத்தினால் தாழ்கிறது, குரல் ஏறி இறங்கியது நோயாளிக்கே தெரிவதில்லை. காது கேட்கவில்லை என்று பாசாங்கு செய்பவர்களைக் கண்டுபிடிக்கக்கூட இது உதவியது. உண்மையிலேயே கேட்காத காதில் இரைச்சலைப் புகுத்தினால் குரல் ஏன் உயரப்போகிறது? லொம்பார் விளைவு என்று பெயர் பெற்ற இது மனிதருக்கு மட்டும் உரியதும் அல்ல. பெர்லின் நகரத்து நைட்டிங்கேல் பறவைகள், போக்குவரத்து அதிகமுள்ள வேலைநாள் காலைகளில் வார இறுதியைவிட உரக்கப் பாடுவதாக ஹென்ரிக் ப்ரும் 2004இல் வெளியிட்டார்.

சுற்றுப்புற இரைச்சல் ஒவ்வொரு டெசிபல் கூடும்போதும் மனிதக் குரல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி டெசிபல் வரை உயர்கிறது. அமைதியான அறையில் 50 டெசிபல், ஓடும் பெட்டியில் 70 டெசிபல் என்று வைத்துக்கொண்டால், பேசுபவரின் குரல் சுமார் 7 முதல் 10 டெசிபல் வரை தானாக ஏறிவிடும். 10 டெசிபல் கூடினால் நம் காதுக்கு அது சுமார் இரு மடங்கு சத்தமாகக் கேட்கும். அவர் வேண்டுமென்று எதையும் செய்யவில்லை. ரயில் அவர் குரலை உயர்த்திவிட்டது.

இதில் வருத்தம் என்னவென்றால், அப்படி உயர்த்த வேண்டிய தேவையே இல்லை. இயல்பான பேச்சு ஒரு மீட்டர் தள்ளிக் கேட்டால் சுமார் 60 டெசிபல். தூரம் பாதியானால் சத்தம் 6 டெசிபல் கூடும். உதட்டிலிருந்து 5 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கும் ஒலிவாங்கிக்கு அதே இயல்பான பேச்சு சுமார் 86 டெசிபலாகப் போய்ச் சேருகிறது. பெட்டி இரைச்சல் 70 என்றாலும் நம் குரல் அதற்கு மேலே தெளிவாக நிற்கிறது. இன்றைய கைப்பேசிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட ஒலிவாங்கிகள் இருக்கின்றன. அவை சுற்றுப்புற இரைச்சலைக் கழித்துவிட்டுக் குரலைப் பிரித்தெடுக்கின்றன. குரல் கூடினாலும் குறைந்தாலும் ஒரே அளவுக்குக் கொண்டுவரும் ஏற்பாடும் உள்ளே உண்டு. நாம் கத்தினால் அந்த ஏற்பாடு கத்தலை அமுக்கி அனுப்பும். மறுமுனையில் இருக்கும் அக்காவுக்கு அது உரத்துக் கேட்காது. முழுச் சத்தமும் பெட்டிக்குள் நிற்பவர்களுக்கே.

இப்போது கைப்பேசியை முகத்துக்கு நேரே அரை மீட்டர் தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஒலிபெருக்கியைப் போட்டு வீடியோ அழைப்பில் பேசுபவரை எடுத்துக்கொள்வோம். 5 சென்டிமீட்டர் தூரம் 50 ஆகிவிட்டது, பத்து மடங்கு. ஒலிவாங்கிக்குக் கிடைக்கும் குரல் 20 டெசிபல் சரிந்து 66 ஆகிறது. பெட்டி இரைச்சல் 70. குரல் இரைச்சலுக்குக் கீழே போய்விட்டது. மறுமுனையில், “என்ன? கேக்கலையே!” என்கிறார்கள். இவர் கத்துகிறார். மறுமுனைக் குரலும் இவருக்குக் கேட்க வேண்டுமே என்று ஒலிபெருக்கியை முழுதாகத் திறக்கிறார். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியால் தாழ்ந்த ஒலிகளை எழுப்ப முடியாது. நம் காது மிகக் கூர்மையாக இருக்கும் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில்தான் அது பெரும்பாலும் கரகரக்கிறது. இரண்டு பக்கமும் கேட்டால் தொல்லை குறைய வேண்டுமே என்று மங்க்கின் ஆய்வைப் படித்தவர் கேட்கக்கூடும். மறுபக்கம் தெளிவாகக் கேட்டால் குறையலாம். அது பாதி கேட்டும் பாதி உடைந்தும் வரும்போது ஊகிக்கும் வேலை அப்படியே இருக்கிறது, சத்தம் மட்டும் கூடிவிடுகிறது. என் பார்வையில், பேசும் முறைகளிலேயே பக்கத்தில் இருப்பவர்களை மிகவும் வதைப்பது இதுதான்.

உரக்கப் பேசுவதற்கு உடலே காரணமாக இருப்பதும் உண்டு. சுங்கை பூலோ நாற்றங்காலுக்கு மட்டுமில்லை, தளவாடத் தொழிலுக்கும் பேர் போன ஊர். மரம் அறுக்கும் வட்ட ரம்பம் 100 டெசிபலைத் தொடக்கூடிய இயந்திரம். மலேசியாவின் 2019ஆம் ஆண்டு இரைச்சல் விதிமுறைகளின்படி, எட்டு மணி நேர வேலைக்கு சராசரி 85 டெசிபல்தான் எல்லை. காதுக்கவசம் சரியாக அணியாமல் நாள் முழுதும் ரம்பத்தின் அருகே நின்றவரின் காது மாலையில் சில மணி நேரத்துக்கு மந்தமாகிவிடும்; ஆண்டுக்கணக்கில் அப்படியே போனால் மந்தம் நிரந்தரமாகும். வேலை முடிந்து ரயிலேறி வீட்டுக்குப் பேசும் அவர், தன் குரலும் மனைவியின் குரலும் கேட்காமல் உரக்கப் பேசுகிறார். வயது ஏற ஏற உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன் முதலில் குறைகிறது. மெய்யெழுத்து ஓசைகள் மங்குகின்றன. பழைய கைப்பேசி அலைவரிசை 3400 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கும் ஒலிகளை ஏற்கெனவே வெட்டிவிடுகிறது. முதியவருக்கு இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. அவரை முறைத்துப் பார்ப்பதற்கு முன் ஒரு நொடி இதை எண்ணிப் பார்க்கலாம்.

முறைத்துப் பார்த்தாலும் அவருக்குத் தெரியாமல் போகலாம் என்பது வேறு விஷயம். அமெரிக்காவின் வெஸ்டர்ன் வாஷிங்டன் பல்கலைக்கழக வளாகத்தில், வண்ண உடை போட்ட கோமாளி ஒருவரை ஒற்றைச் சக்கர வண்டி ஓட்ட வைத்து, கடந்துபோனவர்களைப் பிறகு விசாரித்தார்கள். கைப்பேசியில் பேசியபடி நடந்தவர்களில் கால்வாசிப் பேர்தான் கோமாளியைப் பார்த்ததாகச் சொன்னார்கள். தனியாக நடந்தவர்களில் பாதிக்குச் சற்று மேல். இருவராகப் பேசிக்கொண்டு நடந்தவர்களில் 71 விழுக்காடு. நேரில் பேசும் இருவர் ஒரே உலகில் இருக்கிறார்கள். கைப்பேசியில் பேசுபவரின் மனம் மறுமுனைக்குப் போய்விடுகிறது. கோமாளியே கண்ணில் படாதவருக்கு நம் முகச்சுளிப்பா படப்போகிறது?

ரயிலில் இது அரை மணி நேரத் தொல்லை. மருத்துவமனையில் அப்படி இல்லை. 2006இல் திறக்கப்பட்ட சுங்கை பூலோ மருத்துவமனை, 2020இல் கோவிட் நோயாளிகளுக்கு நாட்டின் முதன்மை மையமாக இருந்தது. எந்தப் பெரிய அரசு மருத்துவமனைக்குப் போனாலும் வார்டு வாசலிலும் நடைவழியிலும் கைப்பேசியோடு நிற்பவர்களைப் பார்க்கலாம். அவர்களில் பலர் செய்தி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்: டாக்டர் என்ன சொன்னார், ரத்தம் வேண்டுமா, அம்மா சாப்பிட்டாரா, யார் இரவுக்குத் தங்குவது. அவர்களைப் பேசாதே என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் உள்ளே படுத்திருப்பவரையும் நினைக்க வேண்டியிருக்கிறது. நோயாளி படுத்திருக்கும் அறையில் இரைச்சல் 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 1999ஆம் ஆண்டுப் பரிந்துரை. 2005இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல நாட்டு மருத்துவமனை அளவீடுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பகல்நேர இரைச்சல் 1960இல் 57 டெசிபலாக இருந்து 72 டெசிபலுக்கு ஏறியிருந்தது. மணிகளும் எச்சரிக்கை ஒலிகளும் தள்ளுவண்டிகளும் மனிதக் குரலும் சேர்ந்த கூட்டுத்தொகை அது. நோயில் கிடப்பவர் எழுந்து வேறு பெட்டிக்குப் போக முடியாது. சுவர்களும் தரையும் வழவழவென்று கெட்டியாக இருப்பதால் நடைவழிக் குரல் தேயாமல் வார்டு வரை போகும். கதவுள்ள சிறு பேச்சறை ஒன்றை ஒவ்வொரு மாடியிலும் ஒதுக்கினால் அங்கே நிம்மதியாக அழவும் முடியும், பேசவும் முடியும். இதைக் கட்டடக்கலைஞர்கள் கழிப்பறை அளவுக்கு முக்கியமாகக் கருத வேண்டும் என்று நினைக்கிறேன்.

சட்டம் போட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கர்நாடக அரசுப் போக்குவரத்துக் கழகம் 2021 நவம்பரில் பேருந்துக்குள் கைப்பேசியில் சத்தமாகப் பாட்டும் படமும் போடுவதைத் தடை செய்தது. இந்திய ரயில்வே 2022 ஜனவரியில், இரவு 10 மணிக்கு மேல் பெட்டியில் உரக்கப் பேசக் கூடாது, பாட்டுப் போடக் கூடாது என்று அறிவித்தது. பிரான்சின் நான்ட் ரயில் நிலையத்தில் 2025இல் ஒலிபெருக்கியில் பேசிய ஒருவருக்கு அபராதம் விதித்தது உலகச் செய்தியானது. ஜப்பானில் ரயிலில் ஏறியதும் கைப்பேசியின் மணியோசையை அணைத்து, அழைப்பைத் தவிர்ப்பது ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது.

“மெதுவாகப் பேசவும்” என்ற அறிவிப்புப் பலகை மட்டும் போதுமா? 1989இல் ஹெர்பர்ட் பிக்கும் சகாக்களும் செய்த சோதனை இதற்குப் பதில் தருகிறது. இரைச்சலில் பேசுபவர்களிடம் குரலை உயர்த்தாமல் பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள், அவர்களால் முடியவில்லை. பிறகு அவரவர் குரலின் அளவைக் கண்ணுக்குத் தெரியும்படி ஒரு காட்டியில் காட்டினார்கள். குரலை அடக்க முடிந்தது. காட்டியை எடுத்த பிறகும் அந்தக் கட்டுப்பாடு நீடித்தது. புத்திமதி தோற்ற இடத்தில் ஓர் அளவுகாட்டி வென்றிருக்கிறது. அழைப்பு நடக்கும்போது நம் குரல் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று திரையிலோ காதிலோ காட்டுவது கைப்பேசி தயாரிப்பவர்களுக்கு ஒன்றும் பெரிய காரியமில்லை. ஒலிவாங்கி அந்தக் கணக்கை ஏற்கெனவே போட்டுக்கொண்டுதான் இருக்கிறது. கொமுட்டரில் 2010 முதல் பெண்களுக்குத் தனிப்பெட்டி ஓடுகிறது. பேச்சில்லாப் பெட்டி ஒன்றும் அதே தண்டவாளத்தில் ஓடலாம்.

அதுவரை பேசுபவர் செய்யக்கூடியவை சில உண்டு. செருகிகளில் ஒன்றை எடுத்துவிட்டால் ஒரு காது திறந்துகொள்ளும், தன் குரல் தனக்கே கேட்கும். மறுமுனை மங்கலாகக் கேட்டால் கைப்பேசியின் ஒலியளவைக் கூட்டலாம். தன் குரலைக் கூட்டுவதால் மறுமுனை தெளிவாகிவிடாது. ஒலிபெருக்கியை அணைத்து, ஒலிவாங்கி இருக்கும் அடிப்பகுதியை வாய்க்கு அருகே வைத்துக்கொண்டால் 20 டெசிபல் இனாமாகக் கிடைக்கிறது.

கேட்பவருக்கும் ஒரு வழி இருக்கிறது. பக்கத்துப் பேச்சை மறைக்க நம்மில் பலர் காதில் சினிமாப் பாட்டைப் போட்டுக்கொள்கிறோம். படிக்கவோ கணக்குப் பார்க்கவோ வேண்டியிருந்தால் அது அவ்வளவாக உதவாது. சொல் உள்ள பாட்டு, சொல்லில்லாத இசையைவிட நினைவாற்றலை அதிகம் குலைக்கிறது என்பதை பியர் சலமேயும் ஆலன் பேட்லியும் 1980களில் சோதனைகளில் காட்டினார்கள். புரியும் சொல்லை விரட்ட இன்னொரு புரியும் சொல்லை அழைத்தால் மூளை இரண்டின் பின்னாலும் ஓடும். நாதஸ்வரம், வீணை, மழைச் சத்தம், மின்விசிறி ஓசை என்று சொல்லில்லாத எதையாவது, பக்கத்துப் பேச்சின் சொற்கள் புரியாமல் போகும் அளவுக்கு மட்டும், குறைந்த ஒலியில் வைத்துக்கொள்ளுங்கள். குரல் கேட்டுக்கொண்டே இருக்கலாம்; சொல் கலைந்துவிட்டால் போதும். எம்பர்சனின் வடிகட்டி செய்தது இதைத்தான்.